ஃபோர்மற் அடிக்காமல்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக் கணினியிலிருந்து ஏதாவதொரு மென்பொருள் போக மறுத்தால், ஊர் முழுக்கச் சொல்லப்படும் மருந்து ஒன்றுதான்: "ஃபோர்மற் அடிச்சு விடுங்கோ." கடைக்காரர் சொல்கிறார். ரியூஷன் முடித்து வரும் பெடியன் சொல்கிறான். கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் வரும் மருமகனும் அதையே சொல்கிறான். வீடு வீடாகப் போய்க் கணினி திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட நான் இந்த மருந்தை ஏற்பதில்லை. ஒரு புரோகிராம் போகவில்லை என்பதற்காக வட்டு முழுவதையும் துடைப்பவர் திருத்தவில்லை, திருத்துவதைக் கைவிடுகிறார்.

எங்கள் ஊர் வீட்டுக் கணினிகளில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு என் பிடிவாதம் விளங்கும். இறந்துபோன அப்பாவின் கடைசிப் படங்கள். போக முடியாத கலியாணம் ஒன்றின் படங்கள், ரொறன்ரோவிலிருந்து யாரோ ஊருக்கு வந்தபோது பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தவை. ரீச்சர் ஒருவர் வருடக்கணக்காக அடித்துச் சேர்த்த வினாத்தாள்கள். இவற்றுக்கு வேறு பிரதி இருப்பது அரிது. பெரும்பாலானோர் இவற்றை வைத்திருப்பதும் டெஸ்க்ரொப்பிலும் டொக்கியுமென்ற்ஸிலும்தான். அதாவது சி டிரைவில். ஃபோர்மற் முதலில் துடைக்கும் இடத்தில். "எல்லாம் பக்கப் எடுத்திட்டன்" என்று சொல்லிக்கொண்டு டி டிரைவை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு மென்பொருளை ஏற்றும்போது அது கணினிக்குள் பல இடங்களில் கால் ஊன்றுகிறது. புரோகிராம் ஃபைல்ஸில் அதன் கோப்புகள், பயனரின் ஆப்டேட்டாவில் அமைப்புகள், வின்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ரியில் பதிவுகள். சிலது பின்னணியில் ஓடும் சேவை ஒன்றையும் வைக்கும். இன்னும் சிலது வன்பொருளோடு நேரே பேசும் டிரைவரையும் வைக்கும். இத்தனையையும் வைத்த கையோடு, இவற்றை எப்படித் திரும்ப எடுப்பது என்ற குறிப்பையும் எழுதிவிட்டுப் போகிறது. கண்ட்ரோல் பனலில் நாம் பார்க்கும் பட்டியல் அந்தக் குறிப்புகளின் பட்டியல்தான். ரெஜிஸ்ரியில் அன்இன்ஸ்ரோல் என்ற பெயரிலேயே ஒரு கிளை உண்டு. அதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் கீழே ஒரு வரி இருக்கும்: என்னை நீக்க வேண்டுமானால் இந்த இடத்திலுள்ள இந்தக் கோப்பை இயக்கு என்று. நாம் நீக்கு என்று அழுத்தும்போது வின்டோஸ் செய்வது அந்த வரியை இயக்குவது மட்டும்தான். அந்த வரி காட்டும் கோப்பு அங்கே இல்லையென்றால் வின்டோஸ் கையை விரித்துவிடும்.

எனவே ஒரு மென்பொருள் போகுதில்லை என்று யாராவது சொன்னால், அதை எப்படி அழிப்பது என்று நான் யோசிக்கத் தொடங்குவதில்லை. அதன் குறிப்பு எங்கே தொலைந்தது என்று தேடுகிறேன். இந்தத் தொழிலில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே விஷயம் இதுதான்.

பெரும்பாலும் குறிப்பைத் தொலைத்தவர் வீட்டுக்காரரே. "டிஸ்க்கில இடமில்லையெண்டு அந்த ஃபோல்டரை நான்தான் அழிச்சனான் தம்பி. ஆனா பேர் இன்னும் லிஸ்ற்றில நிக்குது." நீக்கும் கோப்பு அந்த ஃபோல்டருக்குள்தான் இருந்தது; அதுவும் சேர்ந்து போய்விட்டது. பழைய இன்ஸ்ரோல்ஷீல்ட் காலத்து மென்பொருள்களில் ஏற்றிய ஒவ்வொரு கோப்பின் விவரமும் ஐ.எஸ்.யு என்று முடியும் ஒரு பதிவேட்டில், அதே ஃபோல்டருக்குள், இருக்கும். பதிவேடு போனால் எது எங்கே வைக்கப்பட்டது என்று சொல்ல ஆளில்லை. இதற்கு நான் செய்யும் வேலையைப் பார்த்து வீட்டுக்காரர் முகம் சுருங்கும்: அதே மென்பொருளை, அதே பதிப்பில், திரும்ப ஏற்றுவேன். "போக்கச் சொன்னால் ஏன் அண்ணை திரும்ப ஏத்திறியள்?" ஏற்றினால்தான் தொலைந்த குறிப்பு திரும்ப எழுதப்படும். எழுதப்பட்டதும் முறைப்படி நீக்கலாம். பதிப்பு எண் மட்டும் ஒத்திருக்க வேண்டும். இதற்காகவே நான் வழக்கமாகப் பார்க்கும் கணினிகளின் மென்பொருள்களையும் பதிப்பு எண்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். செற்றப் கோப்புகளையும் ஒரு வட்டில் சேமித்து வைத்திருக்கிறேன். பழைய பதிப்புகளை நிறுவனங்கள் தங்கள் தளங்களிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம்.

மைக்ரோசொஃப்ட் 1999இல், ஒஃபிஸ் 2000 உடன், வின்டோஸ் இன்ஸ்ரோலர் என்ற பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எம்.எஸ்.ஐ என்று முடியும் கோப்புகள் இதன் வழியாகத்தான் ஏறுகின்றன. இந்த ஏற்பாட்டில் குறிப்பு மென்பொருளின் ஃபோல்டரில் இருப்பதில்லை. வின்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்ரோலர் என்ற மறைந்த ஃபோல்டரில், எழுத்தும் எண்ணும் கலந்த விளங்காத பெயர்களில் இருக்கிறது. அந்த ஃபோல்டர் நாளடைவில் பல ஜிகாபைற் வளரும். சிறிய வட்டுள்ள கணினியில் சி டிரைவ் சிவப்பாக மாறினால், வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு யாராவது அதைத் துப்புரவாக்கிவிடுவார்கள். உடனே ஒன்றும் நடக்காது. மாதங்கள் கழித்து ஏதாவதொன்றை நீக்கவோ புதுப்பிக்கவோ போனால்தான் 1612 என்ற பிழை எண் வரும்: ஏற்றிய மூலம் கிடைக்கவில்லை. அந்த எண்ணைக் கண்டால் நான் முதலில் அந்த ஃபோல்டரைத் திறந்துதான் பார்ப்பேன். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். இடம் வேண்டுமென்றால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே செற்றப் கோப்பு எத்தனை பிரதியாகக் கிடக்கிறது என்று பாருங்கள்.

முன்பு மைக்ரோசொஃப்டே வின்டோஸ் இன்ஸ்ரோலர் கிளீனப் என்ற சிறு கருவியைக் கொடுத்தது. அது இன்ஸ்ரோலரின் பதிவை மட்டும் துடைக்கும், கோப்புகளைத் தொடாது. கணினியிலுள்ள மற்ற மென்பொருள்களையும் அது சில வேளைகளில் பழுதாக்கியதால் 2010இல் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. இன்றும் யாரோ ஒருவரின் பென்டிரைவில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் இடத்துக்கு வந்த, ஏற்றுவதிலும் நீக்குவதிலும் வரும் கோளாறுகளைத் தேடித் திருத்தும் கருவி எவ்வளவோ நிதானமானது. முதலில் நான் எடுப்பது அதைத்தான்.

2022ஆம் ஆண்டை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்டது. மின்சாரம் வரும் நேரத்துக்குள் எல்லாம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், எத்தனையோ வீடுகளில் நீக்கும் வேலை பாதியில் நின்றது. யூ.பி.எஸ் இருந்தாலும் பற்றறி செத்திருக்கும். புதிய பற்றறி வாங்கும் விலையில் அப்போது இல்லை. வின்டோஸ் இன்ஸ்ரோலர் பாதியில் நின்றால் பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர முயலும். அதற்கும் மின்சாரம் இல்லாவிட்டால், ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற அடையாளம் ரெஜிஸ்ரியில் அப்படியே நிற்கும். பிறகு எதை ஏற்றப் போனாலும் நீக்கப் போனாலும், தொடங்கிய வேலை ஒன்று பாதியில் நிற்கிறது, அதை முதலில் முடி என்ற பிழை வரும். ஒரு வேலையும் நடக்காது. அந்த அடையாளம் மட்டுமே நிற்கும். பதறாமல் ஒரு முறை ரீஸ்ரார்ட் செய்து, நின்றுபோன அதே மென்பொருளை முதலில் எடுத்து முடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரீஸ்ரார்ட் என்றுதான் சொல்கிறேன். வின்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்ரார்ட்டப் என்ற வசதி வந்தது. ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுவதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் கருவை வட்டில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. பாவனையில் இருப்பதால் அழிக்க முடியாத கோப்புகளை, அடுத்த தொடக்கத்தில் அழி என்று நீக்கும் கோப்பு எழுதி வைக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியல் வாசிக்கப்படுவது முழுமையான தொடக்கத்தில் மட்டும்தான். இரவு அணைத்துக் காலையில் போட்டவருக்கு அது வாசிக்கப்படவே இல்லை. "நிப்பாட்டிப் போட்டுப் பாத்திட்டம், போகேல்ல" என்று கொண்டுவரப்பட்ட எத்தனையோ கணினிகள் என் மேசையில் ரீஸ்ரார்ட் என்ற ஒரே அழுத்தலில் திருந்திப் போயிருக்கின்றன. அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் மடிக்கணினிகள். சுவிஸிலிருந்து வந்தது ஜெர்மன் மொழியில் பேசும். பிரான்ஸிலிருந்து வந்தது பிரெஞ்சில். நோர்வேயிலிருந்து வந்ததில் விசைப்பலகையே வேறு. சித்தப்பா பாவித்துவிட்டு அனுப்பியதால் அவர் ஏற்றிய மென்பொருள்கள் எல்லாம் உள்ளேயே இருக்கும். வீட்டில் யாருக்கும் எந்தப் பொத்தான் நீக்கும் பொத்தான் என்று தெரியாது. இங்கே ஒரு சிறிய வழி பெரிதாகக் கை கொடுக்கிறது. வின்டோஸ் படம் போட்ட விசையோடு ஆர் விசையைச் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் ஏ, பி, பி, டபிள்யூ, ஐ, இசட், பிறகு ஒரு புள்ளி, பிறகு சி, பி, எல் என்று அடித்து என்ரர் கொடுத்தால், வின்டோஸ் எந்த மொழியில் இருந்தாலும் நீக்கும் பட்டியல் நேரே திறக்கும். மொழி மாறினாலும் இந்தப் பெயர்கள் மாறுவதில்லை. காரைநகரிலும் வடமராட்சியிலும் இருக்கும் அக்காமாருக்குத் தொலைபேசியில் எழுத்தெழுத்தாக இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிரெஞ்சு விசைப்பலகையில் ஏ எழுத்தும் இசட் எழுத்தும் வேறு இடத்தில் இருக்கும் என்பதையும் சொல்லத் தவறுவதில்லை.

அந்தப் பட்டியலில் பெயரே இல்லாத மென்பொருளும் உண்டு. மகன் தன் கணக்கில் ஏற்றியது அம்மாவின் கணக்கிலுள்ள பட்டியலில் வராமல் போகலாம். சில மென்பொருள்கள் கணினிக்கென்று ஏறாமல் ஒரு பயனருக்கென்று மட்டும் ஏறுகின்றன. மகன் படிக்க வெளிநாடு போய்விட்டால் கடவுச்சொல்லும் அவனோடு போய்விடும். அவனைக் கூப்பிட்டுக் கேட்டு, அவன் கணக்குக்குள் போய் நீக்குவதுதான் சரியான முறை. திரையின் மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று வந்து பயமுறுத்துவதை நீக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு வேறு பதில். அது பெரும்பாலும் ஏற்றப்பட்ட மென்பொருளே இல்லை. ஏதோவொரு இணையத்தளம் உலாவியில் அறிவிப்பு அனுப்ப அனுமதி வாங்கியிருக்கும். உலாவியின் அமைப்புக்குள் போய் அந்த அனுமதியைத் திரும்ப எடுத்தால் முடிந்தது.

அன்ரிவைரஸ் வேறு இனம். தன்னை யாரும் நீக்கக்கூடாது என்பதே அதன் வேலையின் ஒரு பகுதி. அதை முதலில் அழிக்கப் பார்ப்பது வைரஸ்தான் என்பதால், தன் கோப்புகளையும் சேவைகளையும் அது தானே காவல் காக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் மடிக்கணினியில் இலவசத் தவணை முடிந்த ஒன்று இருக்கும். இங்கே கடையில் இன்னொன்றை ஏற்றியிருப்பார்கள். இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பிடிக்க, கணினி நகராது. இப்படியான ஒன்றை ஃபோல்டரில் போய் அழிக்க முயல்வது வீண். காஸ்பர்ஸ்கி, அவாஸ்ட், இஸெட், மக்கஃபீ என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் மென்பொருளை நீக்கவென்றே தனிக் கருவி வெளியிட்டிருக்கிறது. அதை எடுத்து, தேவையானால், வின்டோஸ் அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றித் தொடங்கும் சேஃப் மோடில் இயக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். சேஃப் மோடில் வின்டோஸ் இன்ஸ்ரோலர் சேவை ஓடாது. எம்.எஸ்.ஐ வழியாக ஏறியதை அங்கே வழமையான முறையில் நீக்க முடியாது. இது தெரியாமல் சேஃப் மோடுக்குப் போய், அங்கேயும் பிழை வருகிறது என்று மனம் சோர்ந்து ஃபோர்மற்றுக்குப் போகிறவர்கள் பலர். நீக்கிய பிறகு இணையம் வேலை செய்யாமல் போனால், வலையமைப்புக்குள் அது செருகியிருந்த படி ஒன்று காணாமல் போயிருக்கிறது என்று பொருள். கட்டளைப் பெட்டியை நிர்வாகியாகத் திறந்து, நெட்எஸ்எச் வின்சொக் ரீசெற் என்று அடித்துக் கணினியை ரீஸ்ரார்ட் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

டிரைவர் வைக்கும் மென்பொருள்களை நான் மிகுந்த மரியாதையோடு அணுகுகிறேன். இதற்கு உலகறிந்த உதாரணம் 2005இல் நடந்தது. சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசைத்தட்டுகள் சிலவற்றில், கொப்பி அடிப்பதைத் தடுக்க ஒரு மென்பொருளை வைத்திருந்தது. தட்டைக் கணினியில் போட்டால் அது ஏறி, தன்னையே மறைத்துக்கொண்டு இருந்தது. சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளை எழுதிய மார்க் ருசினோவிச் தன் கணினியில் அதைக் கண்டுபிடித்து ஒக்டோபர் 31 அன்று எழுதினார். அவர் அதன் டிரைவர்களை அழித்தபோது அவருடைய சி.டி டிரைவே கணினியிலிருந்து மறைந்து போனது. அந்த டிரைவுக்கும் வின்டோஸுக்கும் இடையில் அந்த மென்பொருள் ஒரு வடிகட்டியாகத் தன்னைச் செருகியிருந்தது. வடிகட்டி போனது, வடிகட்டி வழியாகத்தான் பேச வேண்டும் என்ற பதிவு போகவில்லை. பிறகு நிறுவனம் கொடுத்த முதல் நீக்கும் கருவி கணினியில் இன்னொரு பாதுகாப்பு ஓட்டையைத் திறந்துவிட்டது என்று பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தத் தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

எங்கள் ஊரில் அதே கோளாறை நான் கண்டது டிவிடி எழுதும் மென்பொருள்களில். கலியாண வீட்டுப் படங்களை டிவிடியாக்கிய காலத்தில் ஏற்றியதை நீக்கியதும், மை கொம்பியூட்டரில் டிவிடி டிரைவைக் காணவில்லை என்பார்கள். டிரைவ் பழுது என்று புதிதாக வாங்கியவர்களும் உண்டு. ரெஜிஸ்ரியில் அந்த வகைச் சாதனங்களுக்குரிய கிளையில் அப்பர்ஃபில்ரர்ஸ், லோவர்ஃபில்ரர்ஸ் என்ற இரண்டு பெறுமதிகள் இருக்கும். முதலில் அந்தக் கிளையை வெளியே பிரதி எடுத்து வைத்துவிட்டு அவற்றை நீக்கினால், செத்தது என்று நினைத்த டிரைவ் திரும்ப வரும். டொங்கிள்களும் இப்படித்தான். யுத்தம் முடிந்த பிறகு இங்கே பல வீடுகளுக்கு இணையம் முதலில் டொங்கிள் வழியாகவே வந்தது. செருகினால் முதலில் ஒரு சி.டியாகத் தன்னைக் காட்டி, தன் மென்பொருளை ஏற்றி, பிறகு மோடமாக மாறும். நிறுவனம் மாறி மாறி வாங்கியவர்களின் கணினியில் பழையவற்றின் டிரைவர்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து, புதியது எழும்பாது. டிவைஸ் மனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் மங்கிய நிறத்தில் அத்தனையும் தெரியும். டிரைவரையும் சேர்த்து அழி என்ற பெட்டியில் சரி போட்டு ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். பொறுமை வேண்டும், வேறு திறமை எதுவும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தமிழ் எழுதும் மென்பொருள்களை நீக்குவது. இலங்கையில் ஒரு தலைமுறை முழுவதும் பாமினி எழுத்துருவில்தான் எழுதியது. தட்டச்சுப் பொறியின் ஒழுங்கு கைக்குப் பழகியவர்களுக்கு அது எளிது. ஆனால் பாமினியில் அடித்த கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது அந்த எழுத்துரு. எழுத்துருவையும் விசைப்பலகையையும் ஒன்றாக ஏற்றும் மென்பொருளை நீக்கினால் சில வேளை எழுத்துருவும் கூடவே போய்விடும். மறுநாள் ரீச்சர் தன் வினாத்தாளைத் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். கோப்பு பழுதாகிவிட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று அழித்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்துருவைத் திரும்பப் போட்டால் அத்தனையும் அப்படியே வரும். அதனால் தமிழ் மென்பொருள் எதையும் நீக்குமுன் ஃபொன்ற்ஸ் ஃபோல்டரிலிருந்து தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுக்கிறேன். வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும், முக்கியமான கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியும் கொடுக்கிறேன். இனி வரும் கணினிகளில் பாமினி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நீக்காமல் விடவேண்டியவையும் உண்டு. அச்சக வேலையை வீட்டிலேயே செய்பவர் ஒருவர், வின்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்த பிறகு, தன் பழைய கணினியில் கிடக்கும் பழசையெல்லாம் கழித்துத் தரும்படி கேட்டார். அவர் கழிக்கச் சொன்னவற்றில் அடோபி பேஜ்மேக்கரும் இருந்தது. 2001இல் வந்த 7ஆம் பதிப்பு. வருடக்கணக்காக அவர் செய்த கலியாண அழைப்பிதழ்களும், அந்தியேட்டிக்கு நினைவு மலராக அச்சடித்த கல்வெட்டுகளும் அந்தக் கோப்புகளில்தான் இருந்தன. பேஜ்மேக்கரின் இடத்துக்கு வந்த இன்டிசைனின் இன்றைய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதில்லை. அந்தக் கல்வெட்டுகளில் இருக்கும் வம்சாவளிகளைக் கேட்டு இன்றும் அவரிடம் ஆட்கள் வருகிறார்கள். நான் பேஜ்மேக்கரைத் தொடவில்லை. டொங்கிள்களின் மிச்சங்களையும், இரண்டு அன்ரிவைரஸ்களில் ஒன்றையும், உலாவியில் ஒட்டிக்கொண்டிருந்த தேடல் பட்டைகளையும் நீக்கினேன். கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆக்கி வெளி வட்டு ஒன்றில் சேர்க்கும் வேலை இன்னும் முடியவில்லை. அது முடியும்வரை அந்தக் கணினியை இணையத்தில் இணைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.